கடினமும் விறைப்பும்

ஆங்கிலத்தில் ‘றிஜிட்’ என வழங்குஞ் சொல்லைக் ‘கடினம்’ எனப் பெயர்த்து அமைவோர் பலர். அப்பெயர்ப்புப் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

அச்சொல் இலத்தீனின் ‘றிகிடுஸ்’ என்பதிலிருந்து பிறந்து, 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தது. அதன் வினையடியாகிய ‘றிகேறே’ வளையாது நிற்றலையும் குளிரால் மரத்தலையும் ஒருங்கே குறித்தது. அவ்வடியிற் பிறந்த ‘றிகோர்’ என்பதை மருத்துவர் காய்ச்சலின் குளிர்நடுக்கத்திற்கும், உயிர் நீங்கிய உடலின் விறைப்பிற்கும் இன்றும் வழங்குகின்றனர். தமிழின் ‘விறைத்தல்’ என்பதும் இத்தகையதே. மார்கழி வாடையில் வாவியிலே வலைவீசுவோன் ‘கை விறைத்தது’ என்பான். கஞ்சியிட்ட வேட்டியும் விறைத்து நிற்கும். இவை ஓரினச் சொற்களல்ல, பொருளால் ஒத்தவை.

கடினமோ வேறு. மெல்லிய எஃகுத் தகடு கடினமானது, எனினும் வளையும். கஞ்சியிட்ட வேட்டி விறைப்பானது, எனினும் கடினமன்று. ‘கடினமான விதி’ என்றால் விளங்குதற்கரிய விதியென்றே மாணவர் கொள்வர். வளைந்துகொடாத விதி என்னுங் கருத்து மறைந்துவிடும்.

இவ்வேறுபாட்டிற்குப் படுவான்கரையிலேயே ஒரு சான்றுண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்துக் கல் நந்தி, போர்த்துக்கீசர் காலத்தில் எழுந்து புல்லுண்டது என்பது ஐதிகம். அங்கே வியப்பு, கல் மென்மையாயிற்று என்பதிலன்று; விறைத்துக் கிடந்தது அசைந்தது என்பதிலேயே உளது. ‘கடினம் நீங்கிற்று’ எனின் கதை கெடும். ‘விறைப்பு நீங்கிற்று’ எனின் நந்தி எழும்.

ஆதலின், அகராதியின் முதற்சொல்லோடு அமையாது வாவிக்கரை வழக்கையும் நாடுதல் மொழிபெயர்ப்போர் கடனாகும்.