'இந்திய ஆங்கிலம்' என்னும் ஒற்றைப் பெயர்: இரு வழக்குக் கையேடுகள் குறித்து

இந்தியர் ஆங்கிலத்தில் காணும் சொல்லாட்சி, வழக்கு ஆகியன பற்றிய நூல்களுள் மும்பையோடு தொடர்புடைய பழைய நூல் ஒன்று உண்டு. பம்பாய் மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வொர்த் 1907இல் வெளியிட்ட 'இந்தியன் இங்கிலீஷ்' என்பதே அது. இந்தியர் ஆங்கிலம் எழுதுகையில் மரபுத்தொடர்களில் செய்யும் பிழைகளை ஆராய்வதாக அதன் துணைத்தலைப்பு அறிவிக்கிறது. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், பாரூ நிஹலானி, ஆர். கே. டாங், பிரியா ஹோசாலி ஆகிய மூவரும் 'இந்தியன் அண்ட் பிரிட்டிஷ் இங்கிலீஷ்' என்ற கையேட்டை வெளியிட்டனர். பிழை என்ற சொல் இருந்த இடத்தில் வேறுபாட்டு வடிவம் என்ற கருத்து வந்தமர்ந்தது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இரு நூல்களும் 'இந்திய' என்ற அடைமொழியை ஒரே பொருளில் ஆள்கின்றன. அவ்வடைமொழிக்குள் எத்தனை தாய்மொழிகள் அடங்கியுள்ளன என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

'ஐ ஆம் லிவிங் இன் தாராவி ஓன்லி' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய வழக்கில் 'ஓன்லி' வேறிடமின்மையைச் சுட்டும். இத்தொடரைச் சொல்பவர் அப்பொருளைக் கருதுவதில்லை. தமிழில் 'தாராவியில்தான்' என்பதற்கு வேறிடமில்லை என்ற பொருளும் உண்டு, நீங்கள் நினைக்கும் அதே இடம் என்ற அழுத்தப் பொருளும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் மீது ஏறியிருப்பது இரண்டாம் பொருள். இந்தியில் 'ஹீ', மராத்தியில் 'ச' ஆகிய இடைச்சொற்களும் ஏறத்தாழ இதே பணியைச் செய்கின்றன. அவையும் அழுத்தம் பெறும் சொல்லின் பின்னரே வருகின்றன. எனவே மும்பையில் இவ்வடிவம் எம்மொழியிலிருந்து வந்தது என வினவுவதே பொருத்தமற்றது. மூன்று மொழிகள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் அது எத்தனை முறை திருத்தினாலும் மறைவதில்லை.

'ஐ ஆம் நோயிங்' என்பதன் நிலை வேறு. இதனைத் தாய்மொழித் தாக்கம் என ஒரு வரியில் முடிப்பது ஆசிரியர்களிடையே பெருவழக்கு. தமிழ்ச் சான்று இதற்கு இடந்தரவில்லை. 'எனக்குத் தெரியும்' என்பதில் தொடர்வினை வடிவம் இல்லை. இந்தியின் 'ஜான்தா ஹூம்' தொடர்வினை அன்று. மராத்தியின் 'மலா மாஹீத் ஆஹே' என்பதும் அன்று. அப்படியாயின் இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? வகுப்பறையிலிருந்து என்பது என் கருத்து. தமிழின் '-கிறு-' வழக்கமாக நிகழ்வதையும் இப்போது நிகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். 'செய்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் டூயிங்' என்றே முதலில் பயிற்றுவிக்கப்படும் மாணவன் 'விரும்புகிறேன்' என்பதற்கும் அதே வாய்பாட்டைப் பொருத்துகிறான். பின்னர் '-கிறு-' ஏற்காத 'தெரியும்' என்பதற்கும் அதனை நீட்டிவிடுகிறான். பழி தமிழின் மீது விழுகிறது, குற்றம் வாய்பாட்டினுடையது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, பின் ஆங்கில வழிக்கு மாறும் தாராவி மாணவனுக்கு இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று, மதிப்பெண் சிக்கல். மேற்கண்ட இரு தொடர்களுக்கும் சிவப்பு மை ஒன்றாகவே இருக்கிறது. முன்னது பன்மொழிச் சூழலின் விளைவு, பின்னது கற்பித்தலின் விளைவு. இரண்டையும் ஒரே முறையில் திருத்த இயலாது. அகரவரிசைக் கையேடு இவ்வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஏற்ற வடிவமன்று. அது ஒவ்வொரு தொடரையும் தனித்தனிப் பதிவாக்கி, அவற்றுக்குப் பின்னுள்ள விதியை மறைத்துவிடுகிறது.

அலுவலக ஆங்கிலத்தை இங்குச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று மாட்டுங்காவில் குடியேறி, பின்னர்ச் செம்பூர் வரை பரவிய தமிழர்களுக்கு ஆங்கிலக் கடிதமே பிழைப்பு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் தோன்றியதையும், 1966க்குப் பின் இந்நகரில் தென்னிந்திய எழுத்தர்களுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும் இப்பின்னணியோடு சேர்த்தே காண வேண்டும். அவர்கள் கையாண்ட 'டூ த நீட்ஃபுல்' இன்று நகைப்புக்குரியதாகிவிட்டது. அது இந்தியர் புனைந்த தொடரன்று. இங்கிலாந்தில் வழங்கி அங்கு அருகிய பின்னும் இங்கு நிலைத்த தொடர். அதனை 'இந்திய வடிவம்' என்பது வழக்கைப் பொறுத்தவரை உண்மை, வரலாற்றைப் பொறுத்தவரை அரையுண்மை.

நிறுத்தக்குறிகளுக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு நூலின் துணைத்தலைப்பு வழக்கு, ஒலிப்பு என்னும் இரண்டையே குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடமோ பெரும்பாலும் காற்புள்ளியே. 'செம்பூரில் இருக்கும் என் தம்பி' என்ற தொடர், எழுதியவருக்கு எத்தனை தம்பியர் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'மை பிரதர்' என்பதை அடுத்துக் காற்புள்ளி இட்டு 'ஹூ லிவ்ஸ் இன் செம்பூர்' என எழுதினால் தம்பி ஒருவரே. காற்புள்ளி இல்லையெனில் வேறு தம்பியரும் உளர். வாரிசுரிமை ஆவணம் ஒன்றில் இவ்வொரு குறி பங்குதாரர் எண்ணிக்கை குறித்தே வழக்கைக் கிளப்பக்கூடும். தமிழ்ப் பெயரெச்சம் பெயருக்கு முன் நின்று இவ்வேறுபாட்டைச் சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆகவே காற்புள்ளியை மூலத்தில் தேடிப் பயனில்லை. உண்மையை அறிந்தவரிடமே கேட்டுப் பெற வேண்டும்.

மறுதிசையிலும் இடர் உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடையில் ஆண்டது முதல் நிறுத்தக்குறிகள் தமிழில் வேரூன்றிவிட்டன. ஆனால் 'வந்து, பார்த்து, சொல்லி' என வினையெச்சந்தோறும் நாம் இடும் காற்புள்ளி மூச்சின் அளவைக் காட்டுவது, தொடரமைப்பைக் காட்டுவதன்று. அப்பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதுபவர் இரு முழு வாக்கியங்களையும் காற்புள்ளியால் இணைத்துவிடுகிறார். மேற்கோட்குறியும் இத்தகையதே. 'என்று' என்னும் சொல்லே கூற்றின் முடிவைக் காட்டுவதால் தமிழில் இறுதி மேற்கோட்குறி அணியளவில் நிற்கிறது. கூற்று எங்குத் தொடங்குகிறது என்பதே தெளிவற்றுப் போகிறது. ஆங்கிலமாக்கும்போது தொடக்கக் குறியை எவ்விடத்தில் இடுவது என்று முடிவு செய்பவர் மொழிபெயர்ப்பாளர்தான். அம்முடிவுக்கு இவ்விரு நூல்களையும் அவர் துணையாகக் கொள்ள இயலாது.