அழாத குழந்தையின் துயரம்

மருத்துவமனைக் கட்டிலில் அழாமல் கிடக்கும் குழந்தையைச் ‘சமர்த்துப் பிள்ளை’ என்று பாராட்டுவது நம் வழக்கம். அப்பாராட்டு எத்துணை அறியாமையில் பிறப்பது என்பதை உணர்த்தும் ஆவணப்படம் ஒன்று உண்டு. ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குச் செல்கிறது’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது.

அதனை எடுத்த ஜேம்ஸ் ராபர்ட்சன், இலண்டன் டாவிஸ்டாக் உளநல மருத்துவமனையில் ஜான் போல்பியுடன் பணியாற்றிய சமூகப் பணியாளர். அந்நாளில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் தம் குழந்தையை வாரத்தில் சிறிது நேரமே காண முடிந்தது. தாய் வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அடங்கிவிடுகிறது. எனவே வராதிருப்பதே நன்று என வாதிட்டனர். அந்த அடக்கம் ஆறுதல் அன்று, நம்பிக்கை இழப்பு என்பதைச் சொல்லால் நிறுவ இயலாத ராபர்ட்சன், முன்பின் பழகியிராத படக்கருவியைக் கையிலெடுத்தார்.

படத்தில் நாம் காண்பது லாரா என்னும் சிறுமியை. இரண்டரை வயதுகூட நிரம்பாத அவள், தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக 8 நாள்கள் தங்குகிறாள். தமக்கு ஏற்ற காட்சிகளை மட்டும் பொறுக்கினார் என்ற பழி எழாதிருக்க, நாள்தோறும் முன்னரே குறித்த நேரங்களில் மட்டும் ராபர்ட்சன் படம்பிடித்தார்.

லாரா இயல்பாகவே உணர்ச்சியை அடக்குபவள். விளையாட்டின் நடுவே முகம் சற்றே கோணித் தாயைக் கேட்கிறாள், உடனே அடக்கிக்கொள்கிறாள். பொம்மைக் கரடியையும் போர்வையையும் இறுகப் பற்றுகிறாள். நாள்கள் செல்லச் செல்ல, தாய் வந்தபோதும் முகம் மலர மறுக்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களையெல்லாம் கவனமாகச் சேர்த்துக்கொள்கிறாள். தாயின் கையை மட்டும் பற்ற மறுக்கிறாள். கதறியழும் நூறு காட்சிகள் சொல்லாததை இந்த ஒரு மறுப்பு சொல்லிவிடுகிறது.

இப்படத்தில் கொடியவர் எவருமில்லை என்பதே இதன் வலிமை. செவிலியர் அன்பானவர்கள், ஆயினும் மாறிமாறி வரும் அன்பு, தாயின் இடத்தை நிரப்பவில்லை. குறையும் கூறவேண்டும். ஒரே குழந்தையின் 8 நாள்களைக் கொண்டு எல்லாக் குழந்தைகளையும் பற்றி முடிவுகட்ட இயலாது. கண்முன் வாடும் குழந்தையைத் தேற்றாமல் படம்பிடித்தல் முறையா என்ற வினாவும் எழாமலில்லை. அந்த உறுத்தல் பார்ப்பவரையும் விடுவதில்லை.

இலண்டன் அரச மருத்துவக் கழகத்தில் திரையிட்டபோது மருத்துவர் பலர் சினந்தனர். லாரா விதிவிலக்கு என்றனர். சினந்தவருள் ஒருவரான குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தி, தம் பிரிவுக்குத் திரும்பிய பின் அங்கும் லாராக்கள் இருப்பதைக் கண்டு மனம் மாறினார். தாய்மார் உடன் தங்க அவர் இடமளித்த ஆமர்ஷாம் மருத்துவமனையிலேயே ராபர்ட்சனின் அடுத்த படம் உருவாகி 1958-இல் வந்தது. அதில் 20 மாதக் குழந்தை சாலிக்கும் வலியுண்டு, அச்சமுண்டு. ஆனால் அவற்றைத் தாங்கத் தாயின் மடியும் உண்டு. கலை நோக்கில் முதற்படத்தின் கூர்மை இதற்கில்லை. ஆயினும் குறையைக் காட்டியவரே தீர்வையும் காட்டியது பாராட்டத்தக்கது. 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைக் காணவும், சிறு குழந்தையுடன் தாய் தங்கவும் பரிந்துரைத்தது.

நோயுற்ற குழந்தையைக் காணச் செல்லும் நாமும் இப்படங்களிலிருந்து ஒன்றைக் கற்கலாம். ஊசி வலிக்காது என்று பொய் சொல்லவும் வேண்டாம். அழாதே என்று அடக்கவும் வேண்டாம். சற்று வலிக்கும், அழுதாலும் பரவாயில்லை, அம்மா இங்கேயே இருப்பாள் என்று கூறுவோம். கூறியபடி அந்தத் தாய் உடனிருக்க, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.