முத்திரையிட்ட ஏடுகள்

நீதிமன்ற ஏடுகளைப் பார்வையிடும் பொதுமக்கள் உரிமையை 1978இல் ஏற்றுக்கொண்ட அமெரிக்க உயர் நீதிமன்றம், விளக்கத்துக்கு முன் தரப்பினர் பரிமாறும் ஆவணங்களை வெளியிடாது தடுக்கலாமென 1984இல் தீர்த்தது. ஈட்டுக்கடன் வழக்குகளிலே வங்கிகள் பற்றிக்கொள்வது பின்னதையே. கடனாளியின் வருமானம் மறைக்கப்படுவதை எவரும் ஆட்சேபியார். வங்கி வட்டி விதித்த முறையும் அவ்வாறு அந்தரங்கமாகுமா?

தொகுதி வழக்கின் இயல்பு இங்கு கவனிக்கற்பாலது. பெயர்சொல்லி வழக்காடுவோர் சிலர். விலகிக்கொள்ளாத ஏனையோர் பல்லாயிரவர். இணக்கத் தீர்வு அவர்களையும் கட்டுப்படுத்தும். கிடைக்கும் தொகை போதுமா என்று மதிப்பிட உதவும் சான்றையே அவர்கள் காணவியலாதெனின், அவர்தம் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்வது எங்ஙனம்?

பால்ரிமோர் நகரம் 2008இல் வெல்ஸ் பார்கோ வங்கிமீது தொடுத்த வழக்கு (இது தொகுதி வழக்கன்று) மறுபக்கத்தைக் காட்டுகிறது. கறுப்பின மக்கள் கூடிய வட்டிக் கடன்களின்பால் திருப்பப்பட்டனரென முன்னாள் ஊழியர் அளித்த சத்தியக் கடதாசிகள் 2009இல் பத்திரிகைகளில் வெளிவந்தன. குற்றத்தை ஏற்காமலே, 2012இல் அவ்வங்கி மத்திய அரசுடன் 175 மில்லியன் டொலருக்கு இணங்கிற்று. அச்செய்தியைப் படித்த கடனாளி தன் கடன்பத்திரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்திருக்கக்கூடும். முத்திரையிட்ட ஏடு அதற்கும் இடந்தருவதில்லை.