பாளயமிறங்கிய இடங்கள்

எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. ராமசேஸ் முதல் மோவாபின் சமவெளி வரை இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடங்களின் பெயர்களே அதில் வரிசையாக வருகின்றன. ஆனால் வேத வியாக்கியானத்தின் பெருமரபு ஒன்று இந்த வறண்ட வரிசையில்தான் வேர்விட்டது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் அவற்றை 42 என எண்ணினார். மத்தேயு சொல்லும் 42 தலைமுறைகள் வழியாகக் கிறிஸ்து இறங்கிவந்தார். அத்தனை படிகளால் ஆத்துமா ஏறவேண்டும் என்பது அவர் விளக்கம். பின்னர் ஜெரோமும் பபியோலா என்ற உரோமைப் பெண்மணிக்காக ஒவ்வோர் இடத்துக்கும் பொருள் எழுதினார். எங்கள் பிரசங்க மேடைகளுக்கு நெருக்கமானது பவுல் காட்டிய வழி: செங்கடல் ஞானஸ்நானம், கன்மலை கிறிஸ்து. அதன் நீட்சியில் யோர்தான் மரணமாகவும் கானான் பரலோகமாகவும் ஆயின.

இவை பலரைத் தேற்றிய வாசிப்புகள். ஆயினும் இவற்றில் வனாந்தரம் சீக்கிரமே மறைந்துபோகிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்த சனத்துக்கு மாராவின் கசந்த தண்ணீர் முதலில் தண்ணீர்தான். பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க முடியாத தண்ணீர்.

எனக்கு ராஷியே பெரிய ஆசான். பதினோராம் நூற்றாண்டு யூத உரையாசிரியரான அவர் கணக்குப் பார்க்கிறார்: 42இல் 14 முதலாம் ஆண்டுக்குரியவை, 8 ஆரோன் இறந்தபின், நாற்பதாம் ஆண்டில் வந்தவை. இடையிலிருந்த 38 ஆண்டுகளில் இருபதே பயணங்கள். கடவுள் தம் சனத்தை ஓயாமல் அலைக்கழிக்கவில்லை, அந்த இரக்கத்தைக் காட்டவே இவ்வதிகாரம் எழுதப்பட்டது என்கிறார். அப்படியானால் அந்த நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதி கூடாரத்தில் காத்திருந்த காலம். 1990இல் போரால் மயிலிட்டியை விட்டுப் போனவர்களுக்கு அதன் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது. மல்லாகத்து முகாம்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கலியாணமும் முடித்தார்கள். அருள் ஊர் திரும்பும் நாளில் கிடைக்கும் என்று அவர்களிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மன்னா பாளயத்தைச் சுற்றித்தான் விழுந்தது.

1971இல் குஸ்தாவோ குத்தியெரஸின் நூல் வந்தபின், விடுதலை இறையியலாளர் இஸ்ரவேலரின் இந்தப் பயணத்தை ஒடுக்கப்பட்டோரின் கதையாக வாசித்தார்கள். எங்களுக்கு அது இலகுவாகப் பொருந்தியது. ஆபத்தும் அதில்தான். 1989இல் ரொபர்ட் அலன் வாரியர் என்ற அமெரிக்கப் பழங்குடி அறிஞர் அந்த நாட்டில் முன்பே வாழ்ந்த கானானியரின் பக்கம் நின்று இக்கதையை வாசித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். எங்களை இஸ்ரவேலராக மட்டும் காணும் பிரசங்கத்தை, அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் நின்று சொல்லமுடியுமா? அந்நியரை ஒடுக்கக்கூடாது என்ற கட்டளையும் சீனாய் வனாந்தரத்திலேயே, கானானைக் கண்ணால் காணுமுன்பே, கொடுக்கப்பட்டிருக்கிறது.