டெல்டா இளைஞர்களும் கைபேசி அரசியலும்

2023 ஏப்ரல் முதல் வாரம். ஒரத்தநாடு பக்கத்து வடசேரி உட்பட காவிரி டெல்டாவையொட்டிய மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருக்கும் செய்தி கைபேசிகளில் பரவியது. 4ஆம் தேதி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 8ஆம் தேதி ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி, மூன்றையும் நீக்கச் சொல்லிவிட்டதாக ட்விட்டரிலேயே அறிவித்தார்.

“பகிர்ந்தோம், ஜெயித்தோம்” என்று இளைஞர்கள் நினைத்தால் அது பாதி உண்மைதான். அந்த ஏலத்தை இங்கே எந்தக் கட்சியும் ஆதரிக்கவில்லை, பாஜக மாநிலத் தலைமைகூட. 2020இல் வந்த, டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் கையில் இருந்தது. அதற்கெல்லாம் முன்பே மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய இயற்கை வேளாண் செயற்பாட்டாளர் நம்மாழ்வார், 2013 டிசம்பரில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான் அத்திவெட்டியில் இறந்தார்.

கைபேசியின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. 2017இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்ததும், தொடர்ந்து நடந்த தடியடியும் கைபேசி இல்லாவிட்டால் இத்தனை வேகமாக வெளியே தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஜூலையில் குண்டர் சட்டத்தில் உள்ளே போன சேலம் மாணவி செய்தது பதிவு போட்டதல்ல, இந்தப் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தது. அரசுக்கு எது உறுத்தியது என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

வேளாண் மண்டலச் சட்டம் புதிய திட்டங்களைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே ஓடும் எண்ணெய்க் கிணறுகளைத் தொடவில்லை. இந்த விவரம் ரீல்ஸில் எடுபடாது. முளைவிட்ட நெல் எடுபடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். விவசாயி காயவைத்துக் காத்திருக்கும்போதே மழை பிடித்துக்கொள்ளும். படம் பரவினால் அந்த ஒரு நிலையத்துக்குத் தார்ப்பாயும் லாரியும் வரும். பக்கத்து ஊர்க் குவியல் நனைந்தபடியே கிடக்கும். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இதை மாதாமாதம் கேட்பவர்கள் பெரும்பாலும் நரைத்த தலைகள்தான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. டெல்லியைத் திட்ட இங்கே யாரும் தயங்குவதில்லை. நூறு நாள் வேலையில் தூர்வாரியதாகக் காட்டிய ‘டி’ பிரிவு வாய்க்காலின் கணக்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். அட்மின் மாமா முறை, ஊராட்சித் தலைவர் சித்தப்பா முறை. “ஏம்ப்பா, இத வீட்டுக்கு வந்து கேக்கக் கூடாதா?” என்று பதில் வரும். சற்று நேரத்தில் கேள்வியையே காணோம்.

கிராம சபையில் அப்படி நீக்கும் பொத்தான் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வரவு செலவைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லலாம். ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. அடுத்தது எப்போது என்று கேட்டால், ஹேஷ்டேக் போட்ட பையன்களில் எத்தனை பேருக்குத் தேதி தெரியும்?