ஒரு வாக்கும் ஒரு நியமனமும்

செஞ்சிக் கோட்டையை ஆள்வது யார் என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் வாளே விடை கூறிற்று. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர் படை மதிலைக் கடந்தது, ஆட்சி மாறியது. அடிவாரத்து உழவனை எவரும் கேட்கவில்லை. அவனையும் கேட்டாக வேண்டும் என்று வந்த முறையே தேர்தல். கேட்டபின், அவன் தந்த விடை கசந்தால்? மூடி மறைப்பதா?

1952-இல் சென்னை மாநிலம் அந்தச் சோதனையைச் சந்தித்தது. சட்டமன்ற இடங்கள் 375. காங்கிரசு பெற்றவை 152. பெரும்பான்மைக்கு வேண்டியவை 188. நம் தென்னார்க்காட்டில் வேரூன்றிய உழைப்பாளர் கட்சிக்கு 19. பிரகாசம் தலைமையில் அமைந்த எதிர்க்கட்சி முன்னணி, 166 பேர் தம் பக்கம் என்றது. அதுவும் பெரும்பான்மையன்று, மறுக்கவில்லை. ஆயின் தீர்ப்புக் கூறவேண்டிய இடம் சட்டமன்றமா, கவர்னர் மாளிகையா?

கவர்னர் சிறீபிரகாசா, ஆச்சாரியாரை அழைத்தார். தேர்தலில் நில்லாத அவர் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஏப்ரல் 10-இல் முதலமைச்சரானார். சூலையில் நம்பிக்கை வாக்கு வென்றாரே என்பர். வென்றார்! பதவி முன்னே, பெரும்பான்மை பின்னே! காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் அமைச்சரவையில் அமர்ந்ததும் அந்த இடைவெளியில்தான் என்பதை மறக்கலாமா?

கம்யூனிஸ்டு ஆட்சியைத் தடுக்கவே இது என்று வாதிடுவோரும் உண்டு. அச்சம் அவர்களுடையது, வாக்கு மக்களுடையது. ஒருவர் அச்சத்திற்காக மற்றவர் உரிமையை அடகு வைப்பது எந்த நீதி?

அமெரிக்காவின் மாசசூசெட்சைப் பாருங்கள். 1839-இல் அங்கே கவர்னர் பதவிக்குப் போட்டி. பதிவான வாக்குகள் 1,02,066. மார்ட்டன் பெற்றவை 51,034. தேவைக்குச் சரியாக அவ்வளவே! ஒன்று குறைந்திருந்தாலும் பெரும்பான்மை இல்லை. பதவியிலிருந்த எவரெட்டு வழக்காடாமல் விலகினார். பெண்ணுக்கு வாக்கில்லாத நாடு அன்று அது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்த நாம், அந்த ஒரு வாக்குக்குக் கிடைத்த மதிப்பை நம் இலட்சங்களுக்குத் தந்தோமா?

விளைவைச் சுமந்தவர் சிறுவர். 1953-இல் கிராமப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் தந்தை தொழில் என்றொரு திட்டம் வந்தது. எந்த மேடையிலும் அதற்காக வாக்குக் கேட்கப்படவில்லை. கைவிடுக என்ற தீர்மானத்திற்குச் சட்டமன்றத்தில் 138 ஆதரவு, 138 எதிர்ப்பு! நூலிழையில் தொங்கியது குயவன் மகனின் கல்வி. வகுப்பறையில் நிற்கும் நாம் இதை வெறும் அரசியல் செய்தியாகப் படிக்க முடியுமா?

1954-இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் மாண்டது. காமராசரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் வாக்காளர் முன் நின்று வென்றார். அந்த வழியும் இருக்கத்தான் செய்தது!

பெரும்பான்மையை அளக்கும் இடம் சட்டமன்றமே என்று பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்தது 1994-இல். இளைஞர் தோழர்களே, வாக்கு வித்தியாசம் குறையக் குறைய மக்கள் தீர்ப்பின்மேல் மதிப்புக் கூடவேண்டும். நெருக்கமான தேர்தல் நியமனத்துக்கு வாய்ப்பன்று; நேர்மைக்குத் தேர்வு.