வள்ளி விரட்டினாள், நான் கூப்பிடுகிறேன்

பறவைத் தீனி என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது தினைக்கதிர்தான். இதில் என்னோடு வாதாட வராதீர்கள், தோற்றுப்போவீர்கள். உதிர்த்த தினை இல்லை சாமி, கதிர்! நரிவால் மாதிரி புசுபுசுவென்று தொங்குமே, அந்த முழுக்கதிர். கூண்டுப் பறவைக்கான தீனி விற்கும் கடைகளில் கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். நான் அதைக் கூண்டுக்கு வாங்கவில்லை, எங்கள் ஸ்ரீரங்கத்து மொட்டைமாடிக்கு வாங்கினேன், துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்கள். விடிந்து கொஞ்ச நேரம், காவிரிப் பக்கமிருந்து காற்று, கொடியில் கதிர் லேசாக ஆடுகிறது. 'ட்ர்ரீ' என்று ஒரு சின்னச் சத்தம். வந்து உட்காருகிறது பாருங்கள் ஒரு புள்ளிச் சில்லை! முதுகு காப்பிப்பொடி நிறம், நெஞ்சு முழுக்க யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்த மீன்செதில், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த அலகு. அது உட்கார்ந்ததும் கதிர் வளைகிறது, வளைந்த கதிரில் இன்னொன்று, அதன்மேல் கிட்டத்தட்ட ஏறி இன்னொன்று, மொத்தக் கூட்டமும் கதிரோடு சேர்ந்து ஊஞ்சலாடிக்கொண்டே ஒவ்வொரு மணியாக உருவி அலகில் உருட்டி உமியை மட்டும் துப்ப, அந்த உமி வெயிலில் பொன்தூளாகப் பறக்க, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, மூச்சுவிடவும் பயந்து, கையில் காப்பி ஆறி ஏடு படிந்து, கீழே அடுப்பில் பால் பொங்கி வழிந்து, "ஏங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று வீட்டுக்காரி கத்த, அதற்குப் பதில் சொன்னால் பறந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆயுசில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஏன் கதிர் என்கிறீர்களா? அலகைப் பாருங்கள், அங்கேதான் எல்லா சூட்சுமமும். சில்லை புல்லின் கதிரில் தொற்றிக்கொண்டு மணி உருவும் ஜாதி. தரையில் கொட்டினாலும் தின்னும்தான், ஆனால் தொங்கவிட்டால் அதன் வித்தையைக் காட்டும். சிட்டுக்குருவியும் தோலுரித்துத்தான் தின்னும், அதற்குத் தினையோடு கம்பும் நொய்யும் பிடிக்கும். புள்ளிப்புறா இருக்கிறதே, அது உரிக்கவெல்லாம் மெனக்கெடாது, கம்பையும் சோளத்தையும் அப்படியே விழுங்கிவிட்டு அரைக்கிற வேலையை இரைப்பையிடம் விட்டுவிடும். கொடியில் தொங்கும் எதுவும் அதற்கு ஆகாது. தரையில் தட்டு வையுங்கள், மகாராணி மாதிரி நடந்து வரும்.

காந்தி மார்க்கெட் தானியக் கடைக்காரருக்கு நான் ஒரு வேடிக்கை. "தினையும் கம்பும் குடுங்கண்ணே" என்றால், "சுகரா சார்? கஞ்சிக்கா?" என்பார். "குருவிக்குண்ணே." ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப தீட்டாததா எடுத்துக்கங்க" என்றார் பாருங்கள், அங்கேயே அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆமாம், தீட்டாத தானியம்தான் வேண்டும், தோலோடு. மறந்தும் விதைக்கடைப் பக்கம் போகாதீர்கள். விதைப்புக்கென்று விற்பது பெரும்பாலும் விதைநேர்த்தி செய்தது, பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ ஏறியிருக்கும், அடையாளத்துக்குச் சிவப்போ நீலமோ சாயமும் பூசியிருப்பார்கள். அது பறவைக்கு விஷம்.

இனி கிளிக் கதைக்கு வருகிறேன், தயவுசெய்து யாரும் எழுந்து போகாதீர்கள். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் ஊறவைத்த அரிசியை மாடியில் வரிசை வரிசையாக வைத்து ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பந்தி போட்டு ஊரெல்லாம் பேர் வாங்கினார். எனக்கு ஆயிரம் வேண்டாம், ஒன்று வந்தால் போதும் என்று இருந்தேன். சூரியகாந்தி விதை வைத்தேன், உப்புப் போடாத பச்சை வேர்க்கடலை வைத்தேன், கூடவே ஒரு பழுத்த மிளகாய். வந்தது! கழுத்தில் கறுப்பும் ரோஜாவும் வளையமிட்ட ஆண்கிளி. கடலையை விட்டது, விதையை விட்டது, நேரே மிளகாயை எடுத்து, ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலில் அதைப் பிடித்து, நாம் ஐஸ்கிரீம் தின்கிற நிதானத்தோடு தின்கிறது, எனக்கு இங்கே நாக்கு எரிகிறது, கண்ணில் தண்ணீர், அது காரமா ஆனந்தமா தெரியவில்லை! மிளகாயின் காரம் நம்மையும் எலியையும் அணிலையும் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைக்கு உறைப்பதே இல்லை. வள்ளிமலைத் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண்கல் வீசி வள்ளி விரட்டினாளே, அதே கிளிக்கு நான் தினையும் வைத்துத் தொட்டுக்கொள்ள மிளகாயும் வைத்து வா வா என்று கெஞ்சுகிறேன். அந்தப் பெண் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் கிளியைக் கூண்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. இப்படிச் சுதந்திரமாக வந்து மிளகாய் தின்றுவிட்டுப் போகிற கிளியைப் பார்த்தவனுக்குக் கூண்டு எதற்கு?

பழம் சாப்பிடுகிறவர்கள் தனிக் கோஷ்டி. பப்பாளியை நீளவாக்கில் வெட்டிக் கிளைக்கவட்டில் செருகினால் கொண்டைக்குருவி முதலில், பிறகு குயில். செங்கண் ஆண்குயில் ஒரு பக்கம், உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண்குயில் இன்னொரு பக்கம். வேலியில் கோவைக்கொடி ஏற்றிவிட்டால் பழம் வாங்கும் செலவே இல்லை. தேன்சிட்டுக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள், தானே வரும். இன்னொன்று, குருவிக் குஞ்சு தானியத்தில் வளராது, அதற்குத் தாயும் தந்தையும் புழு பூச்சிதான் ஊட்டும். ஆகவே செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள்.

எச்சம் விழாதா, மாடப்புறா கூட்டமாக வந்து அடைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். விழும், வரும். துடைப்பம் இருக்கிறது, வேறென்ன!

இன்றைக்கே கால் கிலோ தீட்டாத தினை, கால் கிலோ கம்பு, கிடைத்தால் இரண்டு தினைக்கதிர் வாங்கிவிடுங்கள். கைப்பிடி கைப்பிடியாக வையுங்கள், நனைந்து பூஞ்சை பிடித்ததைக் கொட்டிவிடுங்கள், பக்கத்தில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் ஊற்றித் தினமும் மாற்றுங்கள். மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட எதுவும் வேண்டவே வேண்டாம். சில்லை வந்ததும் முதலில் அடுப்பை அணையுங்கள்.